பிடிஎஸ்டி: டிஎஸ்எம்-5 ‘உண்டு’ என்கிறது, ஐசிடி-11 ‘இல்லை’ என்கிறது. ஆய்வுக்கு எதை எடுப்பது?

மருதம்

வணக்கம். மனநல சமூகப்பணியில் எம்.ஃபில் செய்கிறேன். சாலை விபத்தில் அடிபட்டு, எலும்பு முறிவுப் பிரிவுக்குத் தொடர்சிகிச்சைக்கு வருபவர்களில் எத்தனை பேருக்கு பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்தக் கோளாறு) இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. 18 வயதுக்கு மேற்பட்டவர்கள், விபத்து நடந்து 1 மாதம் தாண்டி 6 மாதத்துக்குள் இருப்பவர்கள். ஆம்புலன்ஸ் ஊழியர்களை ஒரு தனிக் குழுவாகச் சேர்க்கலாமா என்றும் யோசனை இருக்கிறது.

கைடு ஐசிடி-11 (உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு) படி போ என்கிறார். துறையில் கையில் இருப்பது பிசிஎல்-5 வினாத்தாள். அது டிஎஸ்எம்-5க்கு (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு) என்று செய்தது. ஒப்பிட வேண்டிய பழைய கட்டுரைகளோ டிஎஸ்எம்-4, ஐசிடி-10 காலத்தவை. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டேன். பட்டியலாகப் பார்த்தால் வித்தியாசம் புரிகிறது. ஒரு நோயாளி எதிரில் உட்காரும்போது அந்த வித்தியாசம் எங்கே வேலை செய்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. எதை எடுக்கலாம், எடுத்தால் எங்கே சறுக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நடு_ராத்திரி_ரவுண்ட்ஸ்

மருதம், நீங்க ஆம்புலன்ஸ் ஊழியர்னு சொன்னதால அதையே உதாரணமா எடுத்துக்கலாம். நான் இட்டுக்கட்டுற ஆள்தான், நிஜ நோயாளி இல்ல.

வயது 34, ஆம்புலன்ஸ்ல அவசர சிகிச்சை உதவியாளர். 4 மாதத்துக்கு முன்னாடி பஸ் விபத்து ஒன்றில் உடல்களை எடுத்தவர். இப்போ என்ன சொல்றார்? அந்தக் காட்சி வேண்டாம்னாலும் மனசுல வருது. ஆனா அது நடந்து முடிஞ்சதுன்னு தெளிவாத் தெரியுது, திரும்ப அங்கேயே நிக்கிற மாதிரி இல்ல. கண்ட்ரோல் ரூம் அழைப்பு வந்தா நெஞ்சு படபடக்குது. அந்த நெடுஞ்சாலைப் பக்கம் டியூட்டி போட்டா மாத்திக்கிறார். வழியில வண்டி எங்கேயும் தாமதமாகல, ஆனாலும் “நான் 5 நிமிஷம் முன்னாடி போயிருந்தா”ன்னு தன்னையே குற்றம் சொல்றார். கேரம் விளையாடப் போறது நின்னு போச்சு. வீட்டுல எரிஞ்சு விழறார். தூக்கம் இல்ல. வேலைக்கு அடிக்கடி லீவு. கெட்ட கனவு கிடையாது, சத்தத்துக்குத் தூக்கிப்போடுறது கிடையாது, எந்நேரமும் சுத்திமுத்தி நோட்டம் விடுற பழக்கமும் கிடையாது.

டிஎஸ்எம்-5 படி எண்ணுங்க. ஏ, அதாவது சம்பவத்தின் தகுதி: நேரில் பார்த்திருக்கார், பணியின் பகுதியாகவும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார், சரி. பி பிரிவுல (சம்பவம் மனசுல திரும்ப வர்றது) 5 அறிகுறியில் 1 போதும். இவருக்கு வேண்டாத நினைவும் உடல் படபடப்பும், 2 இருக்கு. சி-யில் (தவிர்ப்பு) 2-ல் 1, இடத்தைத் தவிர்க்கிறார். டி-யில் (எண்ணமும் மனநிலையும் மாறுறது) 7-ல் 2 வேணும். தன்னைக் குற்றம் சொல்றதும் ஆர்வம் போனதும் சேர்ந்து 2. ஈ-யில் (மிகை விழிப்பு) 6-ல் 2, எரிச்சலும் தூக்கமின்மையும். 1 மாதம் தாண்டியாச்சு, வேலை பாதிப்பு இருக்கு, போதைப்பொருள் காரணம் இல்ல. முடிவு: உண்டு.

அதே ஆளை டிஎஸ்எம்-4க்கு (1994) கொண்டு போங்க. அங்கே ஏ-2ன்னு ஒரு வாசல் இருந்தது. சம்பவத்தின்போது கடும் பயமோ, கையறுநிலையோ, பெருந்திகிலோ வந்திருக்கணும். பயிற்சி எடுத்த ஆம்புலன்ஸ் ஆள், போலீஸ், ராணுவம் இவங்ககிட்டக் கேட்டா பாதிப் பேர் “அப்போ ஒன்னும் தோணல சார், வேலையைப் பார்த்தேன்”னுதான் சொல்லுவாங்க. 2013-ல் அந்த வாசலை எடுத்ததுக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஏ-2வைத் தாண்டினாலும் அடுத்த இடத்துல மாட்டுவார். தவிர்ப்பும் உணர்ச்சி மரத்துப்போறதும் ஒரே பிரிவா இருந்து 7-ல் 3 கேட்டது. இவருக்கு இடத்தைத் தவிர்க்கிறது ஒன்னு, ஆர்வம் போனது ஒன்னு. தன்னைக் குற்றம் சொல்றது அந்தப் பட்டியல்லயே இல்ல. 2 தான். முடிவு: இல்லை.

ஐசிடி-10 ஆய்வு வரையறைல (1993) சம்பவம் யாரையும் உலுக்கக்கூடியதா இருக்கணும், இருக்கு. தானா வர்ற நினைவு, அல்லது அதே மாதிரி சூழல்ல தவிப்பு, இருக்கு. தவிர்ப்பு, இருக்கு. தூக்கம், எரிச்சல், கவனம், மிகை எச்சரிக்கை, திடுக்கிடல் இந்த அஞ்சுல 2, இல்லேன்னா சம்பவத்தின் முக்கியப் பகுதி மறந்து போயிருக்கணும், 2 இருக்கு. சம்பவம் நடந்து 6 மாதத்துக்குள் தொடங்கியிருக்கு. வேலை பாதிச்சதான்னு அது கேட்கவே இல்ல, குறைந்தபட்சம் இத்தனை நாள்னும் கேட்கல. முடிவு: உண்டு.

ஐசிடி-11. மூணே வாசல், மூணையும் தாண்டணும். முதல் வாசல், சம்பவத்தை இப்பவே நடக்கிற மாதிரி மறுபடி அனுபவிக்கிறது: ஃபிளாஷ்பேக், அல்லது அந்த இடத்துலயே திரும்ப நிக்க வைக்கிற அளவு துல்லியமான நினைவு, அல்லது கெட்ட கனவு. வெறுமனே ஞாபகம் வந்து வருத்தப்படறது கணக்குல வராது. இங்கேயே நின்னுட்டார். ரெண்டாவது வாசல் தவிர்ப்பு, அது இருக்கு. மூணாவது வாசல், ஆபத்து இன்னும் போகலங்கிற உணர்வு: மிகை எச்சரிக்கை அல்லது திடுக்கிடல். அதுவும் இல்ல. எரிச்சலும் தூக்கமின்மையும் அங்கே செல்லாக்காசு. முடிவு: இல்லை. பொருத்தச் சீர்குலைவா (நடந்ததுக்கு ஒத்துப்போக முடியாத கோளாறு), மனச்சோர்வான்னு பார்க்கச் சொல்லும்.

ஒரே ஆள், நாலு கையேடு, உண்டு–இல்லை–உண்டு–இல்லை. ஐசிடி-11 கறாரானது, டிஎஸ்எம்-5 தாராளமானதுன்னு இதை வச்சு முடிவு கட்டிடாதீங்க. இன்னொருத்தர் வர்றார்: விபத்துக் கனவு வந்து அலறி எழுந்திரிக்கிறார், பைக்கைத் தொடறதில்ல, ரோட்டோரம் நடந்தாலும் பின்னாடி திரும்பித் திரும்பிப் பார்க்கிறார், இதனால வேலைக்குப் போக முடியல. வேற எந்த அறிகுறியும் இல்ல. ஐசிடி-11 படி மூணு வாசலும் தாண்டியாச்சு, உண்டு. டிஎஸ்எம்-5-ல் டி-யில் பூஜ்யம், ஈ-யில் 1 மட்டும், இல்லை. அதனால ரெண்டு வரையறையும் ஒரே சதவீதம் காட்டினாக்கூட அதே ஆட்களைத்தான் காட்டுதுன்னு நினைக்கக் கூடாது. 2014-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழ்ல ஹோஜ் குழு அமெரிக்கக் காலாட்படையினர் 1,822 பேரை வச்சு இதைத்தான் காட்டினாங்க. டிஎஸ்எம்-4 படி 221 பேர் தேறினாங்க. அதுல 67 பேர் டிஎஸ்எம்-5-ல் விழுந்துட்டாங்க. டிஎஸ்எம்-5-ல் மட்டும் தேறினவங்க புதுசா 59 பேர். மொத்த எண்ணிக்கை கிட்டத்தட்ட சமம், ஆட்கள் வேற. விழுந்தவங்கள்ல நிறைய பேருக்குக் காரணம் சி பிரிவு. பழைய முறைல மரத்துப்போன அறிகுறிகளை மட்டும் வச்சே சி-யைத் தாண்டலாம். புதுசுல ஒரு தவிர்ப்பாவது கட்டாயம்.

அளவுகோல்

மேலே சொன்னதோடு ஒரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கைடிடம் பேசும்போது உதவும். டிஎஸ்எம்-5-இல் பிரிவுவாரியாக எத்தனை விதமாகத் தேறலாம் என்று பெருக்கினால் 31 × 3 × 120 × 57, அதாவது 6,36,120 சேர்க்கைகள். டிஎஸ்எம்-4-இல் 31 × 99 × 26, அதாவது 79,794. ஐசிடி-11-ஐ ஆறு கேள்வியாகச் சுருக்கினால் 3 × 3 × 3, வெறும் 27. தூக்கம், கவனம், எரிச்சல், ஆர்வக்குறைவு எல்லாம் மனச்சோர்விலும் பதற்றக் கோளாறிலும் வருபவை. அவற்றைக் கழித்துவிட்டு பிடிஎஸ்டிக்கே உரிய கருவை மட்டும் வைத்துக்கொள்வது ஐசிடி-11 குழுவின் நோக்கம். டிஎஸ்எம் குழுவின் நோக்கம் எதிர்த்திசை: பாதிக்கப்பட்டவர்களிடம் உண்மையில் காணப்படும் குற்றவுணர்வு, கோபம், ‘யாரையும் நம்ப முடியாது’ என்ற எண்ணம் எதையும் விட்டுவிடக் கூடாது. இரண்டில் எது சரி என்பதைவிட உங்கள் கேள்விக்கு எது பொருந்தும் என்று பாருங்கள்.

கருவிகளுக்கு வருகிறேன். ஆய்வேடுகளில் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

பிசிஎல்-5: 20 கேள்வி, ஒவ்வொன்றும் 0 முதல் 4, மொத்தம் 80. கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்கிறது. 2 அல்லது அதற்கு மேல் போட்டால் அந்த அறிகுறி ‘உண்டு’. டிஎஸ்எம்-4 காலத்துப் பழைய பிசிஎல்-இல் 17 கேள்வி, 1 முதல் 5, மொத்தம் 17 முதல் 85. அங்கே 3 போட்டால்தான் ‘உண்டு’. இரண்டிலும் அந்த எண்ணுக்குரிய விடை ‘ஓரளவு’ என்பதுதான், எண் மட்டும் மாறியிருக்கிறது. பழைய கட்டுரையின் வெட்டுப்புள்ளியை (‘உண்டு’ என்று சொல்லத் தேவையான குறைந்தபட்ச மொத்தத்தை) எடுத்துப் புதிய தாளில் ஒட்டினால் மொத்தமும் பிசகும். இரண்டின் சராசரிகளையும் ஒரே அட்டவணையில் நேரடியாக ஒப்பிடக் கூடாது.

மொத்த மதிப்பெண்ணுக்கும் பிரிவுவாரிக் கணக்குக்கும் உள்ள இடைவெளியை மருதம் கட்டாயம் கவனிக்க வேண்டும். வழக்கமான வெட்டுப்புள்ளி 31 முதல் 33. ஆனால் 1+1+2+2 என்று ஆறு கேள்விகளில் மட்டும் 2 போட்டால் மொத்தம் 12-தான். பிரிவுவாரியாக அவர் தேறிவிடுவார். மறுபக்கம், தவிர்ப்புக் கேள்வி இரண்டிலும் 1 போட்டுவிட்டு மற்ற 18-இலும் 4 போட்டவரின் மொத்தம் 74. பிரிவுவாரியாக அவர் தேறமாட்டார். ஆய்வேட்டில் ‘பிசிஎல்-5 படி பிடிஎஸ்டி’ என்று மட்டும் எழுதினால் இந்த இருவரில் யாரைச் சொல்கிறீர்கள் என்று வாசிப்பவருக்குத் தெரியாது. தவிர, அந்த 31–33 பெரும்பாலும் அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடமிருந்து வந்த எண். எலும்பு முறிவுப் பிரிவுக்கு அது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள ஆதாரம் வேண்டும்.

ஐசிடி-11-க்கு உரிய தாள் ஐடிக்யூ. 18 கேள்வி: பிடிஎஸ்டி அறிகுறி 6, அதனால் வாழ்க்கை பாதித்ததா என்று 3, காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டிக்கான (பிடிஎஸ்டியோடு உணர்ச்சி, தன்மதிப்பு, உறவுச் சிக்கல்களும் சேர்ந்தது) கூடுதல் அறிகுறி 6, அதற்குப் பாதிப்பு 3. இதிலும் 2 அல்லது அதற்கு மேல் ‘உண்டு’. இலவசம்தான்.

இரண்டுமே வடிகட்டும் தாள்கள். ‘நோயறிதல்’ என்ற சொல்லை எழுத வேண்டுமானால் கேப்ஸ்-5 போன்ற நேர்காணல் வேண்டும். 45 முதல் 60 நிமிடம் ஆகும். அதிலும் கடந்த மாதம் பற்றிய படிவம்தான் நோயறிதலுக்கு. கடந்த வாரப் படிவம் சிகிச்சையில் ஏற்ற இறக்கம் பார்ப்பதற்கு மட்டும்.

மருதம்

மிக்க நன்றி சார், இருவருக்கும். ஆம்புலன்ஸ் உதாரணம் தெளிவாகப் புரிந்தது. மூன்று சந்தேகம். பிசிஎல்-5-இலேயே 2, 3, 6, 7, 17, 18 ஆகிய கேள்விகளை மட்டும் எடுத்து ஐசிடி-11 முடிவைக் கணக்கிட்டுச் சில கட்டுரைகள் வந்திருக்கின்றன. நானும் அப்படிச் செய்தால் ஒரே தாளில் இரண்டும் முடிந்துவிடாதா? விபத்து என்பதால் தலைக்காயம் உள்ளவர்களும் வருவார்கள். அவர்களை எப்படிக் கையாள்வது? ஏ வரையறையில் எந்த விபத்தும் செல்லுமா?

அளவுகோல்

கடைசியிலிருந்து வருகிறேன். எந்த விபத்தும் செல்லாது. உயிருக்கு ஆபத்து, கடும் காயம், பாலியல் வன்முறை இவற்றில் ஒன்று நேர்ந்திருக்க வேண்டும் அல்லது நேரும் நிலை வந்திருக்க வேண்டும். நின்ற வண்டியிலிருந்து சறுக்கி மணிக்கட்டு முறிந்தவரும் லாரிக்கு அடியில் போய் வெளியே இழுக்கப்பட்டவரும் எலும்பு முறிவுப் பிரிவில் ஒரே வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். தகவல் படிவத்திலேயே தனிக் கேள்வி வையுங்கள்: அந்த நேரத்தில் செத்துவிடுவோம் என்று நினைத்தாரா, கூட வந்தவர் இறந்தாரா, நினைவு தப்பியதா, வண்டியில் சிக்கிக்கொண்டாரா. நெருங்கிய குடும்பத்தினருக்கோ நண்பருக்கோ நடந்ததைக் கேள்விப்பட்டாலும் செல்லும், ஆனால் அது வன்முறையாகவோ விபத்தாகவோ இருக்க வேண்டும். மாரடைப்பில் இறந்த செய்தி செல்லாது. வாட்ஸ்அப்பில் வந்த விபத்து வீடியோவைப் பார்த்ததும் செல்லாது, அது அவருடைய பணியின் பகுதியாக இருந்தாலொழிய. ஐசிடி-11 இவ்வளவு வகை பிரிப்பதில்லை. மிகக் கடுமையாக அச்சுறுத்தும் அல்லது கோரமான நிகழ்வு என்று சொல்லி மிச்சத்தை மருத்துவரின் தீர்மானத்துக்கு விடுகிறது. ஆய்வில் அந்தத் தீர்மானத்தை யார் எடுத்தார்கள், எதை வைத்து எடுத்தார்கள் என்று எழுதியாக வேண்டும்.

தலைக்காயம்: டி பிரிவின் முதல் அறிகுறி, முக்கியப் பகுதி நினைவில் இல்லாமல் போவது. அது தலையில் அடிபட்டதாலோ குடியாலோ என்றால் எண்ணக் கூடாது என்று டிஎஸ்எம்-5-லேயே இருக்கிறது. தாளை நிரப்பும் நோயாளிக்கு இது தெரியாது. மயங்கிக் கிடந்தவர் ‘ஒன்றும் ஞாபகம் இல்லை’ என்று 4 போட்டுவிடுவார். எரிச்சல், கவனக்குறைவு, தூக்கக் கோளாறு ஆகியவையும் லேசான மூளைக்காயத்தில் வருபவைதான். எனவே டிஎஸ்எம்-5 கணக்கில் தலைக்காயக்காரர்கள் போலியாகக் கூடுவார்கள். ஐசிடி-11-இன் ஆறு கேள்விகளில் இவை எதுவும் இல்லாததால் அங்கே இந்தக் கலப்படம் குறைவு. உங்கள் ஆய்வுக்கு ஐசிடி-11-ஐ ஆதரிக்க எனக்குத் தெரிந்த வலுவான வாதம் இதுதான். தலைக்காயத்தை முற்றிலும் விலக்குங்கள், அல்லது மயக்கம் எத்தனை நிமிடம், ஸ்கேனில் என்ன என்று பதிந்து தனியே பிரித்துக் காட்டுங்கள். வலியும் அப்படித்தான். கம்பி வைத்த காலோடு படுப்பவருக்குத் தூக்கம் வராததை பிடிஎஸ்டி கணக்கில் ஏற்றிவிடக் கூடாது. கேப்ஸ்-5-இல் அறிகுறி சம்பவத்தோடு தொடர்புள்ளதா என்று தனியாகத் தரம் போடும் இடம் இருக்கிறது. பிசிஎல்-5-இல் இல்லை.

பிசிஎல்-5-இலிருந்து ஐசிடி-11-ஐ உருவுவது: நான் செய்யமாட்டேன். ‘இப்போதே நடப்பதுபோல’ என்ற தன்மையை அதில் 3-ஆம் கேள்வி மட்டுமே நேராகத் தொடுகிறது. சிலர் 1-ஆம் கேள்வியையும் சேர்க்கிறார்கள். சேர்த்தால் மேலே சொன்ன ஆம்புலன்ஸ்காரர் முதல் வாசலைத் தாண்டிவிடுவார், சேர்க்காவிட்டால் நிற்பார். ஒரே தரவில் ஒரு கேள்வியைக் கூட்டிக் குறைத்தே விழுக்காடு நகரும். மேலும் ஐசிடி-11 வாழ்க்கைப் பாதிப்பைக் கட்டாயமாகக் கேட்கிறது; பிசிஎல்-5 கேட்பதே இல்லை. டிஎஸ்எம்-5-இல் தவிப்பு அல்லது பாதிப்பு, ஏதாவது ஒன்று போதும். ஐசிடி-11-இல் பாதிப்பு இருக்க வேண்டும், இல்லையேல் பெரும் கூடுதல் முயற்சியால்தான் சமாளிக்கிறார் என்றாவது இருக்க வேண்டும்.

பூங்குழலி_ஓபி

அளவுகோல் சார், கொள்கையாகப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஓபி வரிசையில் ஊன்றுகோலோடு நிற்பவரிடம் 38 கேள்வியை ஒரு எம்.ஃபில் மாணவி கேட்டு முடிப்பதற்குள் எக்ஸ்ரேக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் தானே நிரப்பினால் சீக்கிரம் முடியும். வாசித்துக் காட்டி விடை வாங்குவதென்றால் நேரம் இரட்டிப்பாகும். பாதியில் எழுந்து போனவர்களின் தரவு முழுமை பெறாது, அதுவும் ஒரு சாய்வுதான். மோசமான நிலையில் இருப்பவர்கள்தான் பாதியில் எழுந்து போவார்கள், ஏனென்றால் தவிர்ப்பு என்பதே அறிகுறி.

என் யோசனை: ஐடிக்யூ-வை முதன்மையாக வையுங்கள். பிசிஎல்-5-ஐ எல்லோருக்கும் கொடுக்காமல், குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு மட்டும் கொடுத்து அங்கே மட்டும் இரண்டு வரையறைகளையும் ஒப்பிடுங்கள். கேள்வி எண்ணை உருவிச் செய்யும் கணக்கைக் கூடுதல் பகுப்பாய்வாகப் போட்டால் தவறில்லை, ‘இது தோராயம்’ என்று அங்கேயே சொல்லிவிட்டால் போதும்.

இன்னொன்று. இந்தியாவில் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 3, மனநோயைத் தீர்மானிக்கத் தேசிய அல்லது சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களைச் சொல்லும்போது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி அண்மைப் பதிப்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஐசிடி-11 2019 மே மாதம் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கைடு சொல்வதற்கு அந்த அடிப்படையும் உண்டு. ஆனால் மருத்துவமனைப் பதிவுகளில் எஃப்43.1 என்ற ஐசிடி-10 குறியீட்டை இன்னும் காண்பீர்கள். ஐசிடி-11-இல் அது 6பி40. பழைய கோப்புகளையும் ஆய்வில் சேர்ப்பதாக இருந்தால் குறியீட்டை மட்டும் மாற்றி எழுதிவிடாதீர்கள். எஃப்43.1 போட்டவரெல்லாம் 6பி40-இல் தேறமாட்டார்கள்.

அளவுகோல்

குலுக்கல் யோசனை நல்லது, ஏற்கிறேன். இரண்டும் வாங்கும் பகுதியில் பாதிப்பேருக்கு ஐடிக்யூ முதலிலும் மீதிப்பேருக்கு பிசிஎல்-5 முதலிலும் கொடுங்கள். முதல் தாளில் அலுத்தவர் இரண்டாவதில் எல்லாவற்றுக்கும் 0 போடுவார். ஒப்பிடும்போது வெறும் விழுக்காடுகளைப் பக்கத்தில் வைக்காமல் இரண்டுக்கு இரண்டு கட்டம் போடுங்கள்: இரண்டிலும் உண்டு, இரண்டிலும் இல்லை, ஒன்றில் மட்டும் உண்டு என்று. ஒத்துப்போவதற்குக் காப்பா என்ற புள்ளியியல் கெழு, விழுக்காட்டு வித்தியாசத்துக்கு மெக்நெமர் சோதனை. ஒன்றில் மட்டும் தேறியவர்கள் எந்தப் பிரிவில் விழுந்தார்கள் என்ற அட்டவணைதான் உங்கள் ஆய்வேட்டில் மற்றவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கப்போகும் பக்கம்.

வன்னித்தென்றல்

நான் இலங்கையின் வடக்கில் உளவளத்துணை வேலையில் இருப்பவள். ஒற்றை விபத்தை வைத்து இங்கே நல்ல விளக்கம் தந்திருக்கிறீர்கள். அதே அளவுகோலைப் போரால் பாதிக்கப்பட்டவர்களிடம் யாராவது அப்படியே எடுத்துச் செல்லப்போகிறீர்கள் என்றால் சில இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, எந்தச் சம்பவத்தை வைத்துக் கேட்பது? பிசிஎல்-5, ஐடிக்யூ இரண்டுமே மிகவும் துன்பம் தரும் ஒன்றை மனதில் வைத்துப் பதில் சொல்லக் கேட்கின்றன. 2009-இல் வன்னியில் மாதக்கணக்காக இடம்பெயர்ந்து, பதுங்கு குழியில் இருந்து, ஷெல் விழுந்து உறவைப் பறிகொடுத்து, பிறகு முகாமில் இருந்த ஒருவரிடம் ‘ஒன்றைச் சொல்லுங்கோ’ என்றால் ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு சம்பவத்தை நினைத்துப் பதில் சொல்லுவார். பி பிரிவுக்கு ஷெல், டி பிரிவுக்கு முகாம் என்று கலந்துவிடும். தெரிவு செய்த சம்பவத்தை ஒரு சொற்றொடராகத் தாளின் மேலே எழுதிவைத்து, நாலைந்து கேள்விக்கு ஒருமுறை அதையே திரும்பச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டி. ஐசிடி-11-இல் 6பி41. பிடிஎஸ்டியின் மூன்றும் முழுமையாக இருந்து, அதற்கு மேல் உணர்ச்சியைக் கட்டுப்படுத்த முடியாமை, தான் தோற்றுப்போனவர், பெறுமதியற்றவர் என்ற எண்ணம், உறவுகளில் நெருங்க முடியாமை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். நீண்டகாலச் சித்திரவதையோ சிறுவயதுக் கொடுமையோ நடந்திருந்தால்தான் இதைப் போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அத்தகைய சம்பவங்களின் பின் இது கூடுதலாக வரும், அவ்வளவுதான், தீர்மானிப்பது அறிகுறிகள். ஒருவருக்கு 6பி40, 6பி41 இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. எண்ணிக்கை சொல்லும்போது ‘பிடிஎஸ்டி இத்தனை’ என்பதற்குள் காம்ப்ளெக்ஸ் அடங்குமா அடங்காதா என்று எழுதாவிட்டால் வாசிப்பவர் குழம்புவார். டிஎஸ்எம்-5-இல் இந்தப் பெயரே இல்லை. அங்கே டி பிரிவும், தன்னிலிருந்தோ சூழலிலிருந்தோ விலகி நிற்பதுபோன்ற உணர்வுள்ளவர்களுக்கான உபவகையும் இதன் ஒரு பகுதியைத்தான் தொடுகின்றன. ஐசிடி-10-இல் பேரனர்த்தத்தின் பின்னான நிலையான ஆளுமை மாற்றம், எஃப்62.0 என்று ஒன்று இருந்தது. அதற்கு 2 வருடம் கேட்டது.

மூன்றாவது, காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள். ஐசிடி-11-இன் நீடித்த துயரக் கோளாறு, 6பி42, ஒருவரின் இறப்பைக் கேட்கிறது. குறைந்தது 6 மாதம். 2022-இல் வந்த டிஎஸ்எம்-5-டிஆர் பெரியவர்களுக்கு 12 மாதம் கேட்கிறது, அதுவும் இறப்பைத்தான். மகன் இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொள்ளாமல் படத்தோடு வீதியில் இருந்து போராடும் தாய்க்கு இந்தக் கோளாறை எழுதினால், அவர் கேட்கும் கேள்விக்கு நாமே பதில் எழுதியதாகிவிடும். நான் எழுதமாட்டேன். அவருக்கு பிடிஎஸ்டி அறிகுறிகள் இருந்தால் அவற்றை மட்டும் தனியே பதியலாம்.

நான்காவது, ஐசிடி-11-இன் மூன்றாவது வாசல். ஆபத்து போய்விட்ட பிறகும் இருப்பதுபோல் உணர்வதுதான் அறிகுறி. வீட்டு வாசலில் இன்னும் விசாரணைக்கு ஆட்கள் வந்துபோகும் ஒருவர் நாய் குரைத்தால் எழுந்து பார்க்கிறார் என்றால், அதற்கு 3 போடுமுன் கொஞ்சம் கதைத்துப் பார்க்க வேண்டும். உங்களுடைய ஆய்விலும் இது வரும், மருதம். அதே சாலையில் தினமும் இருசக்கர வண்டியில் போகிறவர் கண்ணாடியை அடிக்கடி பார்ப்பது அறிகுறியா, புத்திசாலித்தனமா? வண்டி இல்லாத இடத்திலும், வீட்டுக்குள்ளும் அந்த விழிப்பு தொடர்கிறதா என்று கேளுங்கள்.

நெஞ்சடைப்பு, உடம்பெரிவு, தலைவிறைப்பு என்று உடம்பாகவே சொல்லுவோர் எங்களிடம் நிறைய. இரண்டு கையேடுகளிலும் அவற்றுக்கென்று தனி இடமில்லை. நினைவூட்டல் வரும்போது மட்டும் வருகிறதென்றால் டிஎஸ்எம்-5-இன் பி-5-இல் அடங்கும், எந்நேரமும் இருந்தால் அடங்காது. குடும்பமும் ஊருமே குலைந்துபோனதற்கும் தனியாளை அளக்கும் இந்தத் தாள்களில் இடமில்லை. பேராசிரியர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு என்று எழுதிவருவது அதைப் பற்றித்தான்.

நடு_ராத்திரி_ரவுண்ட்ஸ்

அருமை அக்கா. மருதம், கால வரம்பு பத்தி ஒரு வரி. உங்க ஆட்கள் 1 முதல் 6 மாதத்துக்குள்ள இருக்கிறதால டிஎஸ்எம்-5 ‘தாமதமா வெளிப்படுறது’ன்னு சொல்ற வகை உங்களுக்கு வராது, அது 6 மாதம் கழிச்சுதான் முழு வரையறையும் நிறையும் வகை. ஆனா 1 மாதம்ங்கிறதைச் சரியாப் பிடிங்க. டிஎஸ்எம்-5-ல் 1 மாதத்துக்கு மேல். 3 நாள் முதல் 1 மாதம் வரை கடும் மன அழுத்தக் கோளாறு, 14-ல் 9 அறிகுறி. ஐசிடி-11 ‘பல வாரங்கள்’னு மட்டும் சொல்லுது. விபத்து நடந்து 32 நாள் ஆனவர்ல 20 நாள் ஆஸ்பத்திரியில படுத்திருந்தா, தவிர்க்க வாய்ப்பே இல்ல. ரோட்டுப் பக்கமே போகலையே! சி பிரிவு பொய்யா பூஜ்யம் காட்டும். முடிஞ்சா கீழ்வரம்பை 3 மாதமா ஏத்துங்க. ஆம்புலன்ஸ் குழுவை இந்த ஆய்வுல சேர்க்காதீங்க. அவங்களுக்கு ஒரு சம்பவம்னு கிடையாது, அக்கா சொன்ன முதல் சிக்கல் அப்படியே வரும். அது தனி ஆய்வு.

மருதம்

எல்லோருக்கும் நன்றி. கைடிடம் பேசிவிட்டேன். ஆம்புலன்ஸ் குழுவை எடுத்துவிட்டோம், கீழ்வரம்பு 3 மாதம். முறையியல் பத்தியை இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

“முதன்மை முடிவு: ஐடிக்யூ விதிப்படி ஐசிடி-11 பிடிஎஸ்டி மற்றும் காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டி (தனித்தனியாகவும் கூட்டாகவும்). துணை முடிவு: குலுக்கலில் தேர்ந்த பகுதியினரிடம் பிசிஎல்-5 படி, பிரிவுவாரி விதியில் (2 அல்லது அதற்கு மேல்), டிஎஸ்எம்-5 உத்தேச பிடிஎஸ்டி. மயக்கம் அல்லது ஸ்கேனில் மூளைக்காயம் உள்ளவர்கள் விலக்கப்பட்டனர். சம்பவத்தின் தகுதி தனிப் படிவத்தில், வினாத்தாள் விடைகளை அறியாத மற்றொருவரால் தீர்மானிக்கப்பட்டது.”

அளவுகோல்

‘ஐசிடி-11 பிடிஎஸ்டி’ என்ற இடத்திலும் ‘உத்தேச’ என்று சேருங்கள். அதுவும் தாள்தான், நேர்காணல் இல்லை. ஐடிக்யூ-வில் பாதிப்புக் கேள்வி மூன்றில் ஒன்றாவது 2 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்ற விதியையும் வாக்கியத்திலேயே எழுதுங்கள். பலர் அதை விட்டுவிட்டு ஆறு கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள், விழுக்காடு ஏறிவிடுகிறது. விடுபட்ட விடைகளை எப்படி நிரப்பினீர்கள் என்று ஒரு வரி வேண்டும். பிரிவுக்கு இரண்டே கேள்வி உள்ள தாளில் ஒரு விடை காணோம் என்றால் சராசரி போட்டு நிரப்பக் கூடாது. மற்றக் கேள்வி ‘உண்டு’ என்றால் பிரிவு தேறியது, ‘இல்லை’ என்றால் அவரைத் தீர்மானிக்க முடியாதவர் பட்டியலில் வையுங்கள்.

பூங்குழலி_ஓபி

எத்திக்ஸ் கமிட்டி அடுத்து ஒன்று கேட்கும், இப்போதே எழுதிவிடுங்கள். இரண்டு தாளிலும் தற்கொலை எண்ணம் பற்றிக் கேள்வி இல்லை. அதற்குத் தனிக் கேள்வி ஒன்று சேர்த்து, ‘ஆம்’ என்றால் அதே நாளில் மனநலப் பிரிவுக்கு யார் அழைத்துப் போவது என்று பெயரல்ல, பதவியாக எழுதுங்கள். தாளில் தேறியவர்களுக்கும், தேறாவிட்டாலும் தவிப்போடு இருப்பவர்களுக்கும் ஒரே சீட்டு: மனநல ஓபி நாள், நேரம், டெலி மானஸ் (அரசின் மனநல உதவி எண்) 14416. வரையறையில் விழுந்தவருக்குச் சீட்டு கிடையாது என்று ஆய்வு உதவியாளர் நினைத்துவிடக் கூடாது, அதையும் பயிற்சிக் குறிப்பில் போடுங்கள்.